ஆறின புண் அதே இடத்தில் ஏன் திரும்ப வருகிறது?

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். இணுவிலில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 64 வயது. 15 வருடமாகச் சலரோகம் (நீரிழிவு). வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். வலது காலில், பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் திரண்டு நிற்கிற இடத்தில் போன வருடம் ஒரு புண் வந்து, நாலு மாதம் மருந்து கட்டி ஆறியது. ஐந்து மாதம் போக அதே இடத்தில் இரண்டாவது. அதுவும் ஆறி, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா முடிந்த கிழமை மூன்றாம் தரம் வெடித்திருக்கிறது. சீனி இப்போது ஒழுங்காக இருக்கிறது, அம்மா கத்தரிக்காய், இறால், கணவாய், முட்டை எல்லாவற்றையும் கிரந்தி (புண்ணைக் கூட்டுகிற சாப்பாடு) என்று நிறுத்திவிட்டார், பிறகும் ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அதில் அரைவாசிக் காலம் சத்திரசிகிச்சை விடுதியில் கால் புண்களுக்கு மருந்து கட்டுவதுதான் என் வேலை. ஒரே ஆளுக்கு, ஒரே காலில், ஒரே இடத்தில் நாலாம் தரம் கட்டியிருக்கிறேன். மருந்தை மாற்றுவதும் கூட்டுவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. புண் திரும்ப வருகிற காரணங்களை மட்டும் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் யாரும் பிழை விட்டதால்தான் இப்படி ஆனது என்று நினைக்காதீர்கள். நீரிழிவுக் கால் புண் ஆறிய 100 பேரை எடுத்தால், ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 40 பேருக்குத் திரும்ப வருகிறது. மூன்று வருடத்தில் அது 60 பேர் அளவுக்குப் போகிறது. உலகம் முழுவதும் இதுதான் நிலைமை. அதனால் இந்தத் துறையில் இருக்கும் வைத்தியர்கள் பலர் இப்போது 'குணமாகிவிட்டது' என்று சொல்வதில்லை, 'அடங்கியிருக்கிறது' என்றே சொல்கிறார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவரை எப்படி வருடக்கணக்காகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களோ, அப்படிப் பார்க்கவேண்டிய கால் இது. மேலே தோல் மூடிவிட்டது என்பதற்காக, புண்ணை உண்டாக்கிய காரணங்கள் போய்விடுவதில்லை. அவை எல்லாம் அந்தக் காலிலேயே இருக்கின்றன. அடுத்த புண் யாருக்கு வரும் என்பதற்கு இருக்கிற அறிகுறிகளில் மிகப் பலமானது, முன்பு ஒரு புண் வந்திருப்பதுதான்.

அப்பாவுக்கு வந்த மூன்றும் ஒரே இடத்தில் வந்தவை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் முக்கியமாகப் பட்டது. சீனியால் மட்டும் வருவதென்றால் காலில் எங்கும் வரலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அந்த இடத்தில் அடி விழுந்துகொண்டே இருக்கிறது, அது அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

தெரியவில்லை என்று சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்களும் நானும் ஒரு கல்லை மிதித்தால் உடனே காலை எடுக்கிறோம். நீண்ட தூரம் நடந்தால் எங்களை அறியாமலே அடியை மாற்றி மாற்றி வைக்கிறோம். நோகிற இடத்துக்குக் கால் தானாகவே ஓய்வு கொடுக்கிறது. சலரோகத்தில் நரம்பு விறைத்துப்போனவருக்கு இந்தக் காவல் இல்லை. செருப்பைத் துளைத்து ஏறிய ஆணியோடு மூன்று நாள் நடந்த ஒருவருக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். 'நோகவே இல்லை மிஸ்ஸி, செருப்பில் இரத்தம் கண்டுதான் பார்த்தேன்' என்றார். நோகாததால் அது பெரிய விஷயமில்லை என்று அவர் நினைத்திருந்தார். எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள். சலரோகக்காரர் ஒருவர் 'புண் இருக்கு, ஆனால் நோவில்லை' என்று சொன்னால் அதைக் கேட்டு நாங்கள் பயப்பட வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ள உதவியவர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தவர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், வேலூரில் தொழுநோயாளருக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். நோய் சதையைத் தின்பதால்தான் விரல்கள் போகின்றன என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். நோவு தெரியாத கையும் காலும் அன்றாடம் படுகிற அடியாலும் அழுத்தத்தாலும்தான் அழிகின்றன என்று அவர் காட்டினார். பிறகு 1960களில் அமெரிக்காவுக்குப் போய், அதே அறிவை நீரிழிவுக் கால்களுக்கும் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுவதும் நீரிழிவுப் புண்ணுக்குப் போடும், காலோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டும், எங்கள் பக்கத்தில் கிடைக்கும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பும் தொழுநோய்க் கால்களைப் பார்த்த அனுபவத்தில் இருந்து வந்தவை.

அப்பாவின் காலில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் தொடங்கிய எளிய முறை இது. அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். தட்டவும் அழுத்தவும் கூடாது. தொடுவது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் மொத்தம் ஆறு இடம். இரண்டு அல்லது கூடுதலான இடங்களில் தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது. கிளினிக்கில் 10 கிராம் நைலோன் இழையை வளையும் அளவுக்கு அழுத்திப் பார்ப்பதும் இதற்காகத்தான். போன நரம்பு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. சீனியைக் கட்டுப்படுத்தினால் மேலும் போகாமல் மெதுவாக்கலாம். சீனி இப்போது நல்லாக இருந்தும் ஏன் வருகிறது என்ற உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. இன்றைய சீனி அளவு பதினைந்து வருடத்தில் போன உணர்வைத் திருப்பித் தருவதில்லை.

சரி, அந்த இடத்தில் அடி ஏன் விழுகிறது? சலரோகம் தொட்டுணரும் நரம்பை மட்டும் தாக்குவதில்லை. பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளை இயக்குகிற நரம்பையும் தாக்குகிறது. அந்தத் தசைகள் மெலிய விரல்கள் பருந்தின் நகம் போல வளைகின்றன, பாதத்தின் முன்பக்க எலும்பு முட்டுகள் கீழே துருத்துகின்றன, அந்த இடத்தில் மெத்தை போல இருந்த கொழுப்பும் விலகிவிடுகிறது. இன்னொரு பக்கம், வருடக்கணக்காக இரத்தத்தில் கூடியிருந்த சீனி மூட்டைச் சுற்றியிருக்கும் நார்களில் ஒட்டி அவற்றை இறுக்குகிறது. அப்பா சாமியறையில் கும்பிடும்போது அவருடைய கைகளைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளி இல்லாமல் ஒட்டுகின்றனவா? நடுவில் கூடு போல இடைவெளி நின்றால், கை மூட்டுகள் இறுகியிருக்கின்றன. கால் மூட்டுகளும் அப்படியே இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். நடக்கும்போது அடி எடுக்கிற கடைசி நேரத்தில் பெருவிரல் மேல்நோக்கி மடங்க வேண்டும். மடங்காத பெருவிரல் உடம்பின் பாரம் முழுவதையும் அதற்குக் கீழே உள்ள தோலின் மீது இறக்குகிறது. குதிக்கால் நரம்பு என்று நாங்கள் சொல்கிற பின்பக்கத் தசைநார் இறுகினாலும் பாரம் முன்னுக்குத்தான் போகும். ஒரு நாளில் இப்படி ஆயிரக்கணக்கான அடிகள்.

தோல் இதற்குத் தரும் பதில்தான் காய்ப்பு. மண்வெட்டி பிடிக்கிறவரின் உள்ளங்கையில் காய்ப்பது போலக் காலிலும் காய்க்கிறது. கையில் அது பாதுகாப்பு, உணர்வில்லாத காலில் அதுவே கல். செருப்புக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டு நடப்பதற்கும் தடித்த காய்ப்போடு நடப்பதற்கும் வித்தியாசம் இல்லை. காய்ப்பைச் செதுக்கி எடுத்தாலே அந்த இடத்தின் அழுத்தம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். காய்ப்புக்குக் கீழே தோல் நசிந்து உள்ளே இரத்தம் கசியும். வெளியில் பார்த்தால் காய்ப்புக்குள் கறுப்பு அல்லது கபிலப் புள்ளி மாதிரித் தெரியும். அது அழுக்கு இல்லை. உள்ளே புண் தொடங்கிவிட்டது, வெளியே வர இன்னும் சில நாள் இருக்கிறது. காய்ப்பு, கொப்புளம், தோலுக்குள் இரத்தம் கட்டுதல் ஆகிய சின்ன அடையாளங்கள் உள்ள காலுக்குத்தான் புண் திரும்ப வருகிற ஆபத்து மிகவும் அதிகம். நான் வேலை செய்த காலத்தில் வீட்டுக்காரரிடம் விடாமல் சொல்லி வந்த ஒரு விஷயம் இது: புண்ணைப் பார்க்க வராதீர்கள், காய்ப்பைப் பார்க்கும்போதே வாருங்கள். ஆனால் வீட்டில் பிளேட்டால் வெட்டவேண்டாம். கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்டரும் வேண்டாம், அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரித்துவிடும்.

ஆறின தோலைப் பற்றியும் சொல்லவேண்டும். தழும்பு ஒரு நாளும் பழைய தோலின் முழுப் பலத்துக்கு வருவதில்லை. நன்றாக முற்றிய தழும்புகூட ஏறத்தாழ 80 வீதம்தான். முதல் மாதங்களில் அது இன்னும் மெல்லியது. ஆனால் எங்கள் ஊரில் கட்டு அவிழ்த்த அன்றே ஆள் தோட்டத்துக்குப் போய்விடுவார். நாலு மாதம் இருந்த கடனும் வேலையும் அவரைப் பிடித்துத் தள்ளும். அது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும், முதல் கிழமை வீட்டுக்குள், அடுத்த கிழமை வளவுக்குள், பிறகு ஒழுங்கை வரை என்று கூட்டிக்கொண்டு போனால்தான் அந்தத் தோல் தாங்கும்.

இப்போது நல்லூருக்கு வருகிறேன். 25 நாளும் அப்பா போனார், தேரன்று வீதியில் உருண்டு பிரதட்டையும் செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய நேர்த்தியைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லமாட்டேன். என் அம்மாவும் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்தவர். ஆனால் அந்தக் காலுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். வழக்கமாக வீட்டிலும் தோட்டத்திலும் நடப்பதைவிடப் பலமடங்கு அடிகள், முழுக்க வெறுங்காலில், காலை வெயில் ஏறினால் சுடுகிற மணலில், ஆறி இரண்டு மாதம்கூட ஆகாத தழும்போடு. ஒரே நாளில் நடை சடுதியாகக் கூடுவது புண் திரும்புவதற்கு நன்றாகத் தெரிந்த காரணம். மணல் சுட்டுக் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவது, தீ மிதிப்பது இரண்டையும் புண் வந்த கால் உள்ளவர் வாழ்க்கையில் ஒருபோதும் செய்யக்கூடாது என்றுதான் நான் சொல்வேன். வரும் வருடம் நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்று சில நாளை மட்டும் தெரிந்தெடுங்கள். வெயிலுக்கு முன் விடியப் போங்கள். செருப்போடு எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போய், கும்பிட்டு, ஓரிடத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். வெறும் காலுறை செருப்புக்கு ஈடாகாது, அதை நம்பி வீதி சுற்ற வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

கோயில் வருடத்தில் சில நாள்தான். வீடு எல்லா நாளும் இருக்கிறது. நெதர்லாந்தில் 2013இல் வெளியான இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்லவேண்டும். கால் புண் வந்து ஆறியவர்களுக்கு அளவெடுத்துச் சப்பாத்து செய்து கொடுத்து, அதை எவ்வளவு நேரம் போடுகிறார்கள் என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். வெளியே போகும்போது எடுத்த அடிகளில் 87 வீதம் சப்பாத்தோடு, வீட்டுக்குள் 61 வீதம்தான். வீட்டுக்குள் எடுத்த அடிகளோ வெளியே எடுத்ததைவிடக் கூட. நல்ல சப்பாத்து புண்ணைக் குறைத்தது யாருக்கு என்று பார்த்தால், அடிகளில் 80 வீதத்துக்கு மேல் அதைப் போட்டு நடந்தவர்களுக்குத்தான். குளிர் நாட்டில், வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்கிற வழக்கம் உள்ள இடத்திலேயே இப்படி. விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற எங்கள் வீடுகளில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பா காலையில் எழும்பிக் கிணற்றடிக்குப் போய், குசினிக்கு வந்து, பேப்பர் பார்க்க விறாந்தைக்குப் போய், மாட்டுக்குத் தண்ணி வைத்து எல்லாம் வெறுங்காலில் நடந்த பிறகுதான் தோட்டத்துக்குச் செருப்பைப் போடுகிறார். அரைவாசி நடை அதற்குள் முடிந்துவிடுகிறது.

ஆகவே வீட்டுக்கென்று ஒரு சோடி வேறாக வாங்குங்கள். வெளியே போகாத, கழுவித் துடைத்த சோடி. சாமியறை வாசலில் மட்டும் கழற்றட்டும். அம்மா முதலில் சம்மதிக்க மாட்டார், இந்தக் காலுக்கு இதுவும் மருந்து மாதிரித்தான் என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். இரண்டு விரலுக்கு இடையில் வார் போகிற பாட்டாச் செருப்பு இந்தக் காலுக்கு ஆகாது. வார் விரலிடுக்கை அரிக்கும், செருப்பு கழன்றுபோகாமல் இருக்க விரல்களை இறுக்கிப் பிடித்து நடக்கவும் வேண்டிவரும். குதிக்காலில் வார் உள்ள, மேலே ஒட்டி இறுக்கக்கூடிய, உள்ளே மென்மையான ரப்பர் அடியும் வெளியே முள் ஏறாத தடித்த அடியும் உள்ள செருப்பு வேண்டும். சப்பாத்து என்றால் பாதத்தைவிட உள்ளே ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் நீளம் கூட இருக்கவேண்டும், விரல் மேலே முட்டக்கூடாது. பின்னேரம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், நின்றபடி அளவு பாருங்கள். உணர்வு குறைந்தவர் இறுக்கமான சப்பாத்தையே அளவானது என்று சொல்வார், ஏனென்றால் இறுக்கினால்தான் அவருக்குத் தெரிகிறது. அதனால் அவர் சொல்வதை மட்டும் நம்பாமல் உங்கள் விரலால் பாருங்கள். புதுச் சோடியை முதல் நாள் அரை மணித்தியாலம் மட்டும் போடவைத்து, கழற்றிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டுங்கள்.

கிரந்திக்கு வருவோம். கத்தரிக்காயாலும் இறாலாலும் இந்தப் புண் வரவில்லை, தங்கச்சி. ஆறாமல் இருப்பதும் அவற்றால் இல்லை. மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால்தான் பிரச்சினை, புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. சலரோகத்துக்கு நீண்டகாலமாக மெட்ஃபோர்மின் எடுக்கிறவர்களுக்கு வைற்றமின் பி12 குறையலாம். மச்சம் (மீன், இறைச்சி, முட்டை) நிறுத்தியவருக்கு அது இன்னும் குறையும். பி12 குறைந்தால் நரம்பு இன்னும் கெடும், சலரோக விறைப்பும் அதுவும் ஒன்று போலவே இருக்கும். அப்பா மெட்ஃபோர்மின் எடுக்கிறார் என்றால், பி12 பார்க்கவேண்டுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மற்றபடி டொக்டர் சொன்ன அளவோடு மீனும் முட்டையும் திரும்ப வரட்டும். எத்தனையோ வீடுகளில் புண்ணோடு இருக்கிறவருக்குச் சோறும் ரசமும் மட்டும் கொடுத்து மெலியவிட்டதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இரத்த ஓட்டத்தைப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அது மிக முக்கியம். புண் வருவது அழுத்தத்தால் என்றாலும், ஆறுவதா காலை எடுப்பதா என்று தீர்மானிப்பது இரத்த ஓட்டம்தான். பாதத்தின் மேல்பக்கத்திலும் உட்பக்கக் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். கணுக்காலில் இரத்த அழுத்தம் எடுத்துக் கையில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள், 0.9க்குக் கீழே என்றால் குழாய் ஒடுங்கியிருக்கிறது. ஆனால் நீண்டகாலச் சலரோகக்காரரின் குழாய்களில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் அந்தக் கணக்கு நல்லாக இருப்பது போலப் பொய்யாகக் காட்டும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்பா சுருட்டுப் பிடிக்கிறவர் என்றால் முதலில் நிற்பாட்ட வேண்டியது அதைத்தான். புகையிலை செய்கிற மண்ணில் இதைச் சொல்வது சுலபமில்லை, ஆனால் ஒடுங்கிய குழாயை மேலும் ஒடுக்குவதில் அதற்கு நிகர் வேறு இல்லை.

ஒரே இடத்தில் மூன்று தரம் என்றதும் எனக்கு வரும் அடுத்த சந்தேகம் எலும்பு. மேலே தோல் மூடி, கீழே எலும்பில் கிருமி தங்கியிருந்தால் புண் ஆறினது போலக் காட்டிப் பிறகு திரும்ப வெடிக்கும். புண்ணுக்குள் மழுங்கிய கம்பியை விட்டு எலும்பு தட்டுகிறதா என்று டொக்டர் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். தொடக்கத்தில் இரண்டு மூன்று கிழமை எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், ஆகவே ஒரு முறை எடுத்துத் தெளிவாக இருந்தது என்பதோடு விட்டுவிட வேண்டாம். விரல் முழுவதும் சிவந்து தடித்துப் போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுநீரகம் பழுதானவர்கள், முக்கியமாக இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்கள், ஆபத்து மிகக் கூடியவர்கள். முன்பு ஒரு விரல் எடுத்தவருக்கு அந்த விரல் தாங்கிய பாரம் பக்கத்து விரலுக்குப் போய், அடுத்த புண் அங்கே வரும். கண் பார்வை மங்கியவர் தன் உள்ளங்காலைப் பார்க்கமுடியாது. தனியாக இருக்கிறவருக்குப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. மாதக்கணக்காகக் கட்டோடு வீட்டில் இருந்து மனம் உடைந்தவர் காலைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறார், அவரோடு இருந்து கதைப்பதும் சிகிச்சைதான். வியர்வையை ஆளும் நரம்பு போனால் கால் வரண்டு குதிக்கால் வெடிக்கும், அதற்குத் தேங்காய் எண்ணெயோ களிம்போ பூசுங்கள், விரலிடுக்கில் மட்டும் பூச வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளத்துக்குள் நின்றால் விரலிடுக்கு ஊறிச் சேற்றுப்புண் வரும், கிருமி நுழைய அந்த வழி போதும், கழுவித் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். வேப்பிலை போட்ட சுடுதண்ணியில் காலை ஊறவைக்கவே வேண்டாம். சூடு அவருக்குத் தெரியாது. கொப்புளம் வந்து காலையே இழந்தவர்களைத் தெரியும்.

இப்போது புண் திறந்திருக்கிறது, ஆகவே இன்றைய வேலை ஆறவைப்பது. மருந்து கட்டுவது அதில் ஒரு பங்குதான், அந்த இடத்தில் இருந்து பாரத்தை எடுக்கவேண்டும். கட்டோடு தோட்டத்துக்குப் போனால் ஒவ்வொரு அடியும் புண்ணின் மேல்தான் விழும். பிளாஸ்டர் கட்டா, முழங்கால் வரை வரும் கழற்றமுடியாத சப்பாத்தா, வேறு ஏதும் உண்டா என்று கேளுங்கள். இரத்த ஓட்டத்தையும் கிருமியையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். சிவப்பு பரவினால், மணம் வந்தால், விரல் கறுத்தால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், காரணமில்லாமல் சீனி ஏறினால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இரவாக இருந்தாலும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் சிவந்து சூடாகி வீங்கினாலும் அப்படித்தான், எலும்பு உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம், அந்தக் காலை ஊன்றவிட வேண்டாம்.

ஆறிய பிறகு, ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் யாராவது பயிற்சி உள்ளவர் அந்தக் காலைப் பார்த்து, காய்ப்பு இருந்தால் எடுக்கவேண்டும். சர்வதேச வழிகாட்டல் சொல்லும் இடைவெளி அதுதான். வீட்டில் தினமும் நீங்கள் பாருங்கள், இரண்டு காலையும், விரலிடுக்கையும். கொரோனாக் காலத்தில் நெற்றியில் பிடித்த வெப்பமானி வீட்டில் கிடந்தால் எடுங்கள். மேற்பரப்பை அளக்கும் நிலைக்கு மாற்றி, காலையில் அவர் எழும்பி நடக்கமுன் இரண்டு பாதத்திலும் ஒரே இடங்களில் பிடியுங்கள். பெருவிரல், அதற்குக் கீழே, நடுவிரலுக்குக் கீழே, சின்னவிரலுக்குக் கீழே, பாதத்தின் நடு, குதி. ஒரு காலில் ஓரிடம் மற்றக் காலின் அதே இடத்தைவிட 2.2 பாகை செல்சியஸுக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு நாள் சூடாக இருந்தால், தோலுக்குக் கீழே நசிவு தொடங்கியிருக்கலாம். நடையைக் குறைத்து, கிளினிக்குக்குச் சொல்லுங்கள். எங்கள் வெக்கை இதைக் குழப்பாது, ஏனென்றால் இரண்டு காலையும்தான் ஒப்பிடுகிறோம். மருந்தையும் கட்டையும் தவிர்த்துப் பார்த்தால், புண்ணைத் தடுப்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த வீட்டுக் கருவி இதுதான்.

இத்தனையும் செய்தும் அதே இடத்தில் திரும்பினால், இறுகிய தசைநாரை நீட்டுவது, வளைந்த விரலின் நாரைச் சின்னதாக வெட்டிவிடுவது போன்ற சத்திரசிகிச்சைகள் இருக்கின்றன. அதற்கு உங்கள் அப்பா பொருத்தமானவரா என்று கேட்கத் தயங்கவேண்டாம்.

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடும் மருந்துப் பையோடும் இன்னொன்றையும் கொண்டுபோங்கள்: அப்பா தோட்டத்துக்கும் வீட்டுக்கும் போடுகிற செருப்பை, கழுவாமல், தேய்ந்தது தேய்ந்தபடியே. அதன் உள்பக்கத்தில் பெருவிரலுக்குக் கீழே குழி விழுந்திருக்கும் இடத்தை டொக்டரிடம் காட்டுங்கள். போவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், முள் முனை, மணல், தையல் ஏதும் தட்டுப்படுகிறதா என்று. அங்கே என்ன இருந்தது, டொக்டர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.